ஊதாக் கண்

பவதாரிணி மூன்றாவது முறையாக முகத்தைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். வலது கண் முன்னைவிட ஊதாவாக இருந்தது.

முதல் முறை கழுவுவதற்கு முன்பு அது நல்ல காப்பிக் கலரில்தான் இருந்தது.

"பவா, எட்டேகால் பஸ்ஸ விட்டா அப்புறம் ஒம்போதுக்குத்தான். நான் போகாம அங்க ஒண்ணும் நடக்காது" என்றான் கதவுக்கு வெளியே நின்ற அவள் கணவன் சூரியபிரகாஷ். அழுது அழுது அவன் குரல் கரகரத்திருந்தது.

விடியற்காலையில் அவனுடைய பெரியப்பா காசிமாயன் மாரடைப்பில் போய்விட்டார். வாடிப்பட்டிக்கு மேற்கே சின்ன ஊர். பிள்ளை இல்லாத மனிதர். கொள்ளி வைக்க வேண்டியவன் சூரியபிரகாஷ்தான். ஏழு மணிக்கு அந்தச் செய்தி திருமங்கலத்துக்கு வந்தபோது, பவதாரிணி தன் செல்போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

'வாங்கலாமா, வேண்டாமா?' என்பது அவள் நடத்தும் சேனல். விளம்பரத்தில் வரும் விசித்திரமான மேக்கப் சாமான்களை வாங்கித் தானே பூசிப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்லுவாள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். அதில் பாதிப் பேர் சூரியபிரகாஷின் ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்து, அவன் கெஞ்சியதால் சேர்ந்தவர்கள்.

அன்றைய சாமான், சீல் குத்துகிற மாதிரியான ஐஷேடோ. பிரஷ் வேண்டாம், பழக்கம் வேண்டாம், மூடிய இமைமேல் ஒரே அமுக்கு. வலது கண்ணில் அமுக்கினாள். இடது கண்ணுக்குப் போவதற்குள் சாவுச் செய்தி வந்துவிட்டது.

டப்பாவின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை முகம் கழுவிய பிறகுதான் படித்தாள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும். உடம்புச் சூட்டில் இன்னும் மாறும். நாற்பத்தெட்டு மணி நேரம் அழியாது.

"இதை மேல போட்டா என்ன கேடு உங்களுக்கு?" என்று டப்பாவிடம் கேட்டாள்.

தேங்காய் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். ஊதா கரையவில்லை. கன்னத்து மேட்டுக்கு இறங்கி, ஓரத்தில் பச்சை கட்டியது. துண்டை வைத்து அழுத்தித் துடைத்தாள். சுற்றிலும் சிவந்து, இமை வீங்கிக்கொண்டது. கதவைத் திறந்து வெளியே வந்தவளைப் பார்த்ததும் சூரியபிரகாஷ் இரண்டடி பின்னால் போனான்.

"யாரு அடிச்சா?"

"ஒருத்தரும் அடிக்கல. ஐஷேடோ."

"பாத்தா அப்பிடித் தெரியலயே."

"அதத்தான் நானும் சொல்றேன். எங்கண்ணன் இன்னைக்குச் சாவு வீட்டுக்குக் கேதங் கேக்க வருமே, அது கண்ணுக்கு இது எப்பிடித் தெரியும்?"

சூரியபிரகாஷ் பெரியப்பாவை மறந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் முத்திருளன் வண்டியூரில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். பவதாரிணி ஒரே தங்கை. ஏழு மாதத்துக்கு முன், கல்யாண மண்டபத்தில் மொய் வாசிக்கிற மைக்கைப் பிடுங்கி அவன் பேசிய பேச்சு கல்யாண வீடியோவில் அப்படியே இருக்கிறது. "எந்தங்கச்சி மேல ஒரு கீறல் விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, சீர் கொண்டாந்த வண்டியிலயே எல்லாத்தையும் திருப்பி ஏத்திருவேன். அவளையும் சேத்து. மாப்ளைக்கு என்ன ஆகும்னு இப்ப சொல்லல." வெறும் பேச்சு இல்லை அது. சித்தப்பா மகள் விஷயத்தில் அப்படியே செய்தும் காட்டியிருக்கிறான். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் இடது கையால்தான் சாப்பிடுகிறான்.

சூரியபிரகாஷோ கொசுவை அடிப்பதற்குக்கூட ஒரு நிமிடம் யோசிக்கிறவன். அதற்குள் கொசு கிளம்பிவிடும். இப்படிப்பட்டவனை விட்டுவிட்டு, பாத்திர பண்டங்களோடு வண்டியில் ஏறி வண்டியூருக்குத் திரும்பப் பவதாரிணி தயாராக இல்லை.

"நான் வரலங்க. காய்ச்சல்னு சொல்லிருங்க."

"கொள்ளி வைக்கிறவன் பொண்டாட்டி வரலைன்னா அதுக்கு ஒரு கதை கட்டுவாங்க. உங்கண்ணன் நேரா இங்கதான் வருவாரு."

அதுவும் சரிதான். கடைசியில் அவனுடைய கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் மருந்துக்கடைக்காரர் யாராவது அழிக்க வழி சொல்லுவார் என்று டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டாள். கேட்ட இரண்டு கடையிலும் டப்பாவைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு சூரியபிரகாஷைப் பார்த்தார்கள், பிறகு மருந்து இல்லை என்றார்கள்.

ஆரப்பாளையத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் அவனுக்கு மறுபடி பெரியப்பா ஞாபகம் வந்தது.

"எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா பவா? எங்க பெரியம்மாவுக்குக் கவனம் பத்தாது. எப்பப் பாத்தாலும் வாசல் நெலையில முட்டிக்கிட்டு மூஞ்சி வீங்கிப்போய் நிக்கும். ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வாரப்பல்லாம் பாத்திருக்கேன். பெரியப்பா என்ன செஞ்சாரு? ஆசாரியக் கூப்புட்டு நெலைய ஒசத்திட்டாரு. அப்பவும் முட்டுச்சு. மறுக்கா ஒசத்துனாரு. பொண்டாட்டிக்காக வீட்டையே இடிச்சுக் கட்டுன மனுசன்னு ஊரே பேசும்."

பவதாரிணிக்குக் கண் கலங்கியது. கண்ணீர் பட்டதும் வலது கண் எரிந்தது. அப்படிப்பட்டவர் சாவுக்கு இந்தக் கோலத்தில் போகிறோமே என்று அவமானமாக இருந்தது. வெளியே வெயிலில் அறுத்துப்போட்ட வயல்கள் போய்க்கொண்டே இருந்தன.

வாசல் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டுக்காரர்கள் மேளத் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசல் நிலை நிஜமாகவே கோயில் வாசல் உயரத்துக்கு இருந்தது. உள்ளே ஐஸ் பெட்டியில் காசிமாயன் முறுக்கிய மீசையோடு கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி ஒச்சாயி உட்கார்ந்திருந்தாள். நின்றால் நாலரை அடிதான் வருவாள். அவள் அழவில்லை. அழ மறந்து போச்சு, அம்புட்டுப் பிரியம் என்று பக்கத்தில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

பங்காளி வீட்டுப் பாண்டியம்மாள்தான் கூலிங்கிளாஸை முதலில் பார்த்தது.

"ஏ புள்ள, இது கேத வீடா, சினிமாக் கொட்டகையா? கழட்டு அத."

"கண்ணு வலி சின்னத்தை. உங்களுக்கு ஒட்டிக்கிரும்."

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போகுது. வா."

கட்டிப்பிடித்து அழுவதற்காகப் பாண்டியம்மாள் அவளை இழுத்தாள். நெற்றியும் நெற்றியும் முட்டியதில் கூலிங்கிளாஸ் கீழே விழுந்தது. பாண்டியம்மாளின் அழுகை பாதியில் நின்றது. சுற்றியிருந்தவர்களின் அழுகையும் வரிசையாக நின்றது.

"என்னடி இது?"

"மெட்ராஸ் ஐ."

"மெட்ராஸ் ஐ கண்ணுக்குள்ள வரும். கன்னத்துல எப்பிடிடி வரும்?"

பதிலுக்குக் காத்திராமல் பாண்டியம்மாள் நேராகப் பந்தலுக்குப் போனாள். "ஏப்பா சூரியா, உம்பொண்டாட்டி கண்ணுல என்ன?"

திடீரென்று கேட்டதில் அவனுக்கு வாய் குழறியது. "கொளவி கொட்டிருச்சு சித்தி."

"அவ மெட்ராஸ் ஐங்கிறா!"

கணவனைக் காப்பாற்ற உள்ளேயிருந்து ஓடிவந்தாள் பவதாரிணி. "ஆமா, கொளவிதான்" என்றாள். அதே நேரத்தில் அவளைக் காப்பாற்ற அவன், "ஆமா, மெட்ராஸ் ஐதான்" என்றான்.

பந்தலில் இருந்தவர்கள் சூரியபிரகாஷையே பார்த்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏழு மாசந்தானடா ஆகுது" என்றார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். "மேக்கப்பு சின்னத்தை. சத்தியமா மேக்கப்பு."

"மேக்கப்பா? சாவு வீட்டுக்கா? ஒத்தக் கண்ணுக்கா?"

"இன்னொரு கண்ணுக்குப் போடுறதுக்குள்ள செய்தி வந்துருச்சு."

பாண்டியம்மாள் அவள் தலையைத் தடவினாள். "எம்புட்டுத் தங்கமான புள்ள. புருசனக் காட்டிக் குடுக்குதா பாரு" என்று ஊருக்குச் சொன்னாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அவள் குணம் உயர்ந்துகொண்டே போனது. சூரியபிரகாஷ் தாழ்ந்துகொண்டே போனான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் குட்டியானையின் ஹாரன் கேட்டது.

முத்திருளன் ஆளுயர மாலையோடு இறங்கினான். உள்ளே போய் மாலையைப் போட்டான், கும்பிட்டான், திரும்பினான். தங்கை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள். பாண்டியம்மாள் அந்த முந்தானையை விலக்கிவிட்டாள்.

முத்திருளன் அந்தக் கண்ணைப் பார்த்தான். நேராகப் பந்தலுக்குப் போய், கொள்ளி வைப்பதற்காக வேட்டி மாற்றி நின்ற சூரியபிரகாஷின் துண்டைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தான்.

"வண்டி வெளிய நிக்கிது மாப்ள. மொதல்ல சாமானா, மொதல்ல நீங்களா?"

"மச்சான், அது சீலு" என்றான் சூரியபிரகாஷ், வந்த மூச்சில்.

"சீலா? எந்தங்கச்சி மேல சீலா?"

கொட்டு நின்றது. பிணத்தை எடுக்க நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். யாரும் நகரவில்லை. பவதாரிணி பையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். அண்ணனின் முன்கையில் ஓங்கி அமுக்கினாள்.

"இதுதாண்ணே. இதத்தான் கண்ணுல வச்சேன்."

முத்திருளன் கையைப் பார்த்தான். "இது காப்பிக் கலரு. உனக்கு ஊதா." பிடி இன்னும் இறுகியது. சூரியபிரகாஷுக்கு விழி பிதுங்கியது.

"தண்ணி! தண்ணி குடுங்க யாராச்சும்!"

கழுத்து நெரிபட்டவனுக்கு என்று நினைத்து ஒருவர் சொம்பை நீட்டினார். அவள் அதை அண்ணன் கைமேல் ஊற்றினாள். முத்திருளனுக்கு உடம்புச் சூடு எப்போதும் அதிகம், அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காப்பி ஊதாவானது. பிடியை விட்டுவிட்டுத் தேய்த்தான், ஓரத்தில் பச்சை கட்டியது. இன்னும் தேய்த்தான், சிவந்து வீங்கியது.

கையைத் தங்கையின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கருமம். இதப் போயி ஆசப்பட்டு வாங்குனியா பாப்பா?" என்றான். மாப்பிள்ளையின் துண்டைச் சரிசெய்து, கசங்கிய இடத்தைக் கையால் நீவியும் விட்டான். "மன்னிச்சிருங்க மாப்ள."

பந்தலில் யாரோ சிரித்தார்கள். அது சங்கிலியாகப் பரவி, கொட்டுக்காரர்கள் வரைக்கும் போனது. கல்யாணம் தப்பித்தது. ஆனால் இத்தனை நேரம் தங்கமான பிள்ளையாக இருந்த பவதாரிணி, சாவு வீட்டுக்குச் சீவிச் சிங்காரித்து வந்தவளாக ஆனாள். "பெரியவர் மேல இவளுக்கு இருந்த மரியாத இம்புட்டுத்தான்" என்றாள் பாண்டியம்மாள், தலை தடவிய அதே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

கொட்டு முழங்க, காசிமாயன் கிளம்பிப் போனார். உயர்த்திக் கட்டிய அந்த வாசல் நிலையில் யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை. பெண்கள் குளிக்கப் போனார்கள். பவதாரிணியின் பக்கத்தில் ஒருத்தியும் நிற்கவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியோரம் போய் உட்கார்ந்து, அன்று முதல் முறையாக அவள் வாய்விட்டு அழுதாள். பாதி வெட்கம், பாதி எரிச்சல்.

ஈரச் சேலையோடு ஒச்சாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண் இன்னும் காய்ந்துதான் இருந்தது.

"மன்னிச்சிருங்க அத்தை. நான் வேணும்னு செய்யல" என்றாள் பவதாரிணி.

ஒச்சாயி அந்தக் கண்ணையே பார்த்தாள். விரலை நீட்டி, ஊதா முடிந்து பச்சை தொடங்கும் இடத்தை மெல்லத் தொட்டாள். பிறகு டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அச்சு அசலா அப்பிடியே இருக்கு. இது எப்ப வந்துச்சு தாயி?"

"இப்பத்தான் அத்தை, புதுசா வந்திருக்கு. யாரும் வாங்காதீங்கன்னு வீடியோவுல சொல்லப் போறேன். வெறும் தண்டம்."

"தண்டமுன்னு சொல்லாத" என்றாள் ஒச்சாயி. "இது அப்பவே வந்திருந்தா நானும் மேக்கப்புன்னு சொல்லியிருப்பேன்ல. முப்பது வருசமா முட்டிக்கிட்டேன், முட்டிக்கிட்டேன்னு சொல்லி, நெலைய ஒசத்துனதுதான் மிச்சம்."