நின்றுபோக வேண்டிய புரதம்

உலகத்தில் எல்லோரும் தங்கள் காரியம் நன்றாக ஓட வேண்டும் என்றுதான் தவிப்பார்கள். ஓடாமல் நின்று தொலைய வேண்டும் என்று தவித்த ஒரே பிறவி எங்கள் டைரோசின் அக்காதான்.

வேங்கிக்கால் மகளிர் விடுதியில் என் அறைத்தோழி. புரத ஆராய்ச்சி. புரதம் என்பது மணிகள் கோத்த மாலையாம். டைரோசின் அதில் ஒரு வகை மணி. மாலையில் எந்த டைரோசின் உண்மையாக உழைக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு வேறொரு மணியை அங்கே மாட்டுவார். அச்சாக அதேபோல் இருக்கும், ஒரு சின்னக் கொக்கி மட்டும் இருக்காது. புரதம் படுத்துவிட்டால் அந்த டைரோசின்தான் உழைப்பாளி.

இந்த வியாதி சமையலறைக்கும் தொற்றியது.

"செல்வியக்கா, இட்லிக்கு உளுந்துக்கு பதிலா பாசிப்பருப்பு போடுங்க. மத்ததுல கைய வைக்காதீங்க. இன்னா ஆவுதுன்னு பாக்கலாம்."

இட்லி கல்லானது. நாங்கள் பட்டினி கிடந்தோம். டைரோசின் அக்காவுக்கு மட்டும் பரம சந்தோஷம், உளுந்துதான் உழைப்பாளியாம்.

ஆனால் அவருடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிய இருந்தது. எதை மாற்றினாலும் புரதம் குதிரை மாதிரி ஓடியது. மிச்சம் ஒரே ஒரு டைரோசின். அதற்கும் நிற்காவிட்டால் ஆய்வேடு அம்போ. சொந்த ஊர் போளூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சமையல் செல்வியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்வந்து விபூதி பூசிவிட்டார்.

"உன் புரதம் நல்லா ஓடணும்னு எட்டு லிங்கத்துக்கிட்டயும் சொல்லிட்டேன் கண்ணு."

"ஐயோ, கெடுத்தீங்களே! யாரு ஓடச் சொன்னது? அது நிக்கணும்க்கா! நாளைக்குத்தான் பாக்கப் போறேன்!"

"எனக்கு இன்னா தெரியும்? நல்லா இருக்கணும்னுதானே வேண்டுவாங்க?"

சாமியாவது பூதமாவது என்று பேசுகிறவர், அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. செல்வியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வெயிலிலேயே மறுபடி கிளம்பினார், வேண்டுதலை வாபஸ் வாங்க. துணைக்கு நான். தார்ச்சாலை என் உள்ளங்காலைப் பொரித்து எடுத்தது.

ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் செல்வியக்கா சத்தமாகவே சொன்னார். "சாமி, முன்னாடி சொன்னத வுட்ருங்க. அந்தப் பொண்ணு புரதம் நாசமாப் போவட்டும்!"

பக்கத்தில் நின்றவர்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வெட்கத்தை விட்டு நானும் சேர்ந்து சொன்னேன்.

மறுநாள் சாயங்காலம் போன். "நின்னுபோச்சுடி! சுத்தமா நின்னுபோச்சு!" என்று அக்கா அழுதார். அந்தக் கடைசி டைரோசின்தான் உழைப்பாளி.

ஆய்வேடு முடிந்தது. பெங்களூரில் வேலையும் கிடைத்தது. அவர் கட்டில் காலியான அன்றுதான் எனக்கு உறைத்தது, புரதம் ஓடினாலும் நின்றாலும் அக்கா போகத்தான் போகிறார் என்று. முன்னாடியே உறைத்திருந்தால், எட்டு லிங்கத்திடமும் கொஞ்சம் மெதுவாக நிறுத்தச் சொல்லியிருப்பேன்.