பறவை பார்க்க நல்ல இடங்கள்

தமிழில் ‘தெரியாது’ என்று ஒரு சொல் இருக்கிறது. நாலே எழுத்து. அதை என் வாய் சொல்ல மறுத்ததால் ஒரு நிரந்தர வேலை கையை விட்டுப் போனது. பத்து வருடமாகியும் கோபம் ஆறவில்லை. என் மேல் பாதி, மச்சான் குகன் மேல் மீதி. (உண்மையில் குகன் மேல்தான் முக்கால்வாசி.)

அப்போது, பிரெஞ்சு பேசும் ஊரான லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம். என்னை நிரந்தரமாக்குவது மேலாளர் மதாம் ஜினெத் கையில். அவருக்குப் பறவைப் பைத்தியம். சனிக்கிழமைகளில் தொலைநோக்கியும் கையுமாக இல்-பிசார் சதுப்பு நிலத்தில் நிற்பார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், கணவரோடு இங்கிலாந்துக்குப் போவதாகச் சொல்லி, “நீங்கள் அங்கே இருந்தவர்தானே? கிராமப்புறத்தில் பறவைகள், விலங்குகள் பார்க்க நல்ல இடம் தெரியுமா?” என்றார்.

நான் அங்கே இருந்தது மூன்று வருடம். மூன்று வருடமும் லண்டனில் ஒரு பெற்றோல் செட்டின் கண்ணாடிக் கூட்டுக்குள். நான் பார்த்த ஒரே பறவை, கூரையிலிருந்து வாடிக்கையாளரின் கார் மேல் எச்சமிடும் புறா. ஆனால் இந்தப் பாழாய்ப்போன வாய் என்ன சொன்னது? “நிறைய இருக்கிறது மதாம், பட்டியலே தருகிறேன்!”

மறுநாள் காலை, இங்கிலாந்தில் நோர்போக்கில் இருக்கும் குகனுக்கு அழைத்தேன்.

“மச்சான், உங்கட பக்கம் பறவை பாக்க நல்ல இடம் எங்க இருக்கு?”

“எத்தினை பேருக்கு?”

“ரெண்டு பேர். வாத்து, காட்டுக்கோழி, முயல், மான்... எதெண்டாலும் பரவாயில்லை.”

“ஓ, மானும் வேணுமோ? அஞ்சு இடம் சொல்லுறன், எழுது. வெள்ளனப் போகச் சொல்லு. பிந்தினா நல்லதெல்லாம் போயிடும்.”

‘எத்தனை பேருக்கு’ என்றபோதே உறைத்திருக்க வேண்டும். மூளை இருக்கிறவனுக்கு உறைத்திருக்கும். நானோ ஐந்து முகவரியையும் பிரெஞ்சில் அழகாகத் தட்டச்சு செய்து, அடியில் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்: ‘இங்குள்ள பறவைகள் மனிதரைக் கண்டு பறந்துவிடாது. மிக அருகில் நின்று பார்க்கலாம்.’

மூன்று வாரம் கழித்து மதாம் வந்தார். வழக்கமான ‘பொன்ஷூர்’ வணக்கம்கூட இல்லை. கைபேசியை என் மேசையில் வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். முதல் படத்தில் ஓர் இறைச்சிக்கடை. காட்டுக்கோழிகள் தலைகீழாகத் தொங்கின. இரண்டாவதில் உறைந்த வாத்துகள். மூன்றாவதில் மான், துண்டு துண்டாக. (அடுத்த இடமாவது சரியாக இருக்கும் என்று நம்பி மூன்று வரை போயிருக்கிறார், பாவம்.)

“உண்மைதான், ஒன்றும் பறக்கவில்லை,” என்றார். “மழையில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனோம். தெரியாது என்று சொல்லியிருக்கலாமே?”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொதித்தது. குகனைப் பிடித்தேன்.

“டேய், பறவை பாக்கத்தானே கேட்டனான்!”

“ஓம், பாத்துத்தானே வாங்கோணும்? பாக்காட்டி பழசைத் தலையில கட்டுவாங்கள்.”

“வாங்கிறதுக்கில்லையடா, சும்மா பாக்க!”

“சும்மா பாக்கிறதுக்கு ஆரடா பிளேன் ஏறி வாறது?”

வீடு பார்ப்போம், மாடு பார்ப்போம், பெண் பார்ப்போம். நம்முடைய ஆட்கள் எதைத்தான் சும்மா பார்த்திருக்கிறார்கள்? ஆத்திரத்தில் போனை வைத்தேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. கார் பார்க்கப் போனாலும், டொக்டரைப் பார்க்கப் போனாலும் மனைவி வாசலில் நின்று கேட்பாள்: “பாக்கவோ, சமைக்கவோ?” ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் லாசாலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “உங்கட பிள்ளையைப் பாக்கத்தான் வந்தனாங்கள்,” என்றார் மாப்பிள்ளையின் தாய். வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறெதுவும் பேசாத என் மகள், தேநீர்த் தட்டோடு நின்று சுத்த யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாள்:

“பாக்கவோ, சமைக்கவோ?”

அந்தச் சம்பந்தமும் போனது. அதற்கும் குகன் மேல்தான் கோபமாக இருக்கிறேன்.