இடம் மாறும் கீறல்

வூமரா சோதனைத் தளம்,
செவ்வாய் மாலை.

அன்புள்ள ஃபெர்கஸுக்கு,

உன் சித்தி கான்ஸ்டன்ஸ் எழுதுவது. நான் நலம், இங்கே புழுதிக்காற்றும் நலம். நீயும் மருமகள் ரோவீனாவும் நலமாக இருக்கக் கடவுள் அருளட்டும்.

இனி விஷயம். உன் விமானத்தின் மூக்கில் கீறல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதைப் பறக்க விடாதே. அதைத் தேய்த்து மெருகு போடும் லாக்லனை வேலையை விட்டு அனுப்பு.

ஒலியைவிட ஆறு மடங்கு வேகத்தில் போகிற பொருளில் மயிரிழை மேடு இருந்தாலும் காற்று கலையும், கலைந்த காற்று பின்னால் இழுக்கும், அடுப்பாய்ச் சுடும், மூக்கே உருகிவிடும் என்று சொல்லி, கன்னியர் மடத்துப் பள்ளியில் வெள்ளிப் பாத்திரம் துலக்கக் கற்ற என்னை மெருகு பார்க்க வைத்தவன் நீதான். கருவிகள் குறையில்லை என்றன; கருவிகள் மடத்தில் படிக்கவில்லை. நான் வழக்கம்போலப் பழைய நைலான் காலுறையைக் கையில் மாட்டித் தடவினேன். நூல் சிக்கியது. மூன்று நாளாக ஆறு பேர் தேய்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சிக்குகிறது. அந்த லாக்லன்தான் வேணும்னே கீறுறான், வேற யாரு?

"மிஸஸ் டெலானி, லென்ஸ் வச்சுப் பாத்தும் ஒண்ணும் தெரியலையே" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்? தாடில நேத்து சாப்பிட்ட சாஸ் ஒட்டிக்கிட்டிருக்கு, அதுவே தெரியல."

"சரிங்க, வலது கையால ஒரு தடவ பாருங்களேன்."

வந்ததே எனக்குக் கோபம்! இடது கைக்காரி என்று ஒன்பது வருஷம் சிஸ்டர் யூலாலியா என் விரல்முட்டியில் அளவுகோலால் அடித்தார். அவருக்கே பணியாத கை, சாஸ் தாடிக்கா பணியும்? அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவமாம். அதற்கும் கீறலுக்கும் என்ன சம்பந்தம்?

உங்கள் இருவருக்கும் என் ஆசிகள். மாலை ஜெபத்தை விட்டுவிடாதே.

இப்படிக்கு,
கான்ஸ்டன்ஸ் டெலானி

பி.கு.: நல்ல தாளில் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அப்படியே அனுப்புகிறேன். சற்று முன் அதே காலுறையால் என் வெள்ளித் தேநீர்க் கெண்டியைத் தடவினேன். சிக்கியது. நாற்பது வருஷமாக நானே துலக்கும் கெண்டி! ஜன்னல் கண்ணாடியைத் தடவினேன், அங்கும் சிக்கியது. கதவைச் சாத்திவிட்டு வலது கைக்கு மாற்றினேன். வழுக்கிக்கொண்டு போனது. இடது கையில் போட்டிருக்கும் என் கல்யாண மோதிரத்தில் கல்லைப் பிடிக்கும் கொக்கி ஒன்று நிமிர்ந்திருக்கிறது. மூக்கு சுத்தம். வெள்ளிக்கிழமை பறக்க விடு. லாக்லன் இருக்கட்டும், குழந்தைக்கு நானே ஸ்வெட்டர் பின்னுகிறேன். மோதிரத்தை மட்டும் கழற்றச் சொல்லாதே, உன் சித்தப்பா போட்டது. இனி வலது கையாலேயே பார்க்கிறேன். மேலே சிஸ்டர் யூலாலியா சிரிப்பார். சிரிக்கட்டும்.