பதினைந்தாம் திகதிக் கப்பல்

நான் திகதி பார்த்துச் சம்பளம் எடுக்கிறவன். மன்னாரில் ஓர் அரச கந்தோரில் என் மேசைக்கு வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முதலில் பார்ப்பது திகதியைத்தான். கிராம அலுவலரின் கடிதம் ஆறு மாதத்துக்கு ஒரு நாள் கூடியிருந்தாலும், "இது பழசு, புதுசு எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். பெரியமடுவிலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்தவர்களையும் அப்படி அனுப்பியிருக்கிறேன். (அவர்கள் இதை வாசித்தால் சந்தோசப்படுவார்கள். அதற்காகவும்தான் எழுதுகிறேன்.)

கந்தோர் முடிந்து வீட்டுக்கு வந்தால் நான் வேறு ஆள். எங்கள் மன்னார்த் தீவு ஆட்களுக்கு "பாலத்தடி" என்று இணையத்தில் ஒரு கருத்துக்களம் இருக்கிறது. வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கிறவர்களும் ஊரை விட்டு அசையாதவர்களும் அங்கே வந்து கதைப்பார்கள், சண்டைக்குக் கொழுவுவார்கள், பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள். அதை மேய்க்கிற மட்டுறுத்துனர் நோர்வேயில் இருக்கிறார். "கடலோடி" என்ற பெயரில் எழுதுவார். ஒரு நாள் அவர் புது விதி ஒன்று கொண்டுவந்தார். ஒரு வருசத்துக்கு மேல் ஒருவரும் எழுதாமல் கிடந்த பழைய திரியை, அதாவது ஒரு தலைப்பின் கீழே தொடர்ந்து எழுதிய பேச்சை, யாராவது பதில் எழுதி மேலே இழுத்துவந்தால், இனி ஒருவரும் எழுதமுடியாதபடி அதை உடனே பூட்டிவிட வேண்டும் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நான்கு நாள் விடாமல் எழுதினேன். "மனிதர் பேசிய பேச்சுக்குக் காலாவதி கிடையாது" என்றேன். "கதவைப் பூட்டுகிறவன் கதையைப் பூட்டுகிறான்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் முப்பது பேர் விருப்பம் போட்டார்கள். இதையெல்லாம் எழுதிய அதே கை அன்று காலையில் ஒரு கிழவருடைய கடிதத்தைக் காலாவதி என்று திருப்பிக் கொடுத்திருந்தது. வாக்கெடுப்பு நடந்தது. நான் வென்றேன். கடலோடி ஒரே வரியில் முடித்தார்: "சரி. திறந்தே கிடக்கட்டும். பிறகு என்னிடம் வரக்கூடாது."

இனி மாமியின் கதைக்கு வருகிறேன். மாமி என்றால் என் மனைவி ஜெனிற்றாவின் தாய். உப்புக்குளத்தில் எங்களோடுதான் இருக்கிறா. அவவின் ஒரே தங்கச்சி றெஜினா, நாங்கள் சின்ன மாமி என்று சொல்வோம், தொண்ணூறாம் ஆண்டு வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போனவ. இன்னமும் இராமேஸ்வரத்துக்குக் கிட்ட, மண்டபத்துப் பக்கம் அகதி முகாமில்தான். அதன் பிறகு அக்காவும் தங்கச்சியும் நேரில் கண்டதேயில்லை. போனில் மட்டும் கிழமைக்கு மூன்று தரம் சண்டை பிடிப்பார்கள். இப்போது சின்ன மாமிக்குச் சீனி வருத்தத்தால் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. "அக்கா, முகம் தெரியிற நாளிலேயே ஒருக்கா வந்து காட்டிப்போட்டுப் போ" என்று சொல்லிவிட்டா. அதைச் சொன்ன அன்று மாமி சாப்பிடவில்லை.

பாஸ்போட்டும் விசாவும் எடுத்து வைத்தாயிற்று. ஆனால் மாமி விமானத்தில் ஏறமாட்டா. "கடலில விழுந்தா நீந்தலாம். ஆகாயத்தில விழுந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டா. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவ அப்படித்தான் கேட்பா. ஆகவே கப்பல் விடட்டும் என்று காத்திருந்தோம். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் விடப்போகிறார்கள் என்ற கதையைக் கேட்டுத்தான் எங்கள் தீவில் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு புதன்கிழமை பாலத்தடியைத் திறக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு திரி: "தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல், 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை முதல் பயணம்." காலை எட்டரைக்கு இறங்குதுறைக்கு வரவும், பதிவுகள் அங்கேயே நடக்கும் என்று விபரமாக எழுதியிருந்தது. கலண்டரைப் பார்த்தேன். நாளை மறுநாள் பதினைந்து, வெள்ளிக்கிழமை. கீழே அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், "முதல் கப்பலில் போகிறவர்கள் படம் எடுத்துப் போடுங்கோ" என்று அன்றுதான் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருபது பேர் வாழ்த்தும் கண்ணீருமாக நின்றார்கள்.

அதற்கும் கீழே கடலோடி எழுதியிருந்தார்: "இது பதினொரு வருடப் பழைய திரி. பூட்டட்டுமா?"

நான் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தேன். "பூட்டட்டுமா" என்று கண்டதும் எனக்கு மற்ற எழுத்துகள் மறைந்துவிட்டன. "வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. பூட்டுக்காரர்கள் ஒதுங்கி நிற்கவும்" என்று எழுதிவிட்டு, மாமியைக் கூப்பிட்டேன்.

எங்கள் பக்கம் யாராவது வெளிநாடு போனால் தனியே போகமுடியாது. வான் பிடித்து, சொந்தமும் அயலும் ஏறி, வழியனுப்பிவிட்டு வரவேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பத்து வருசத்துக்குக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை காலை மாமி கத்தோலிக்கக் கோயிலில் பூசை கண்டு, பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதம் வாங்கி வந்தபோது வீட்டுக்கு முன்னால் எங்கள் ஒழுங்கையில் வான் நின்றது. மாமியையும் என்னையும் விட்டுப் பதினான்கு பேர் ஏறினார்கள். மாமியின் பயணப் பையில் பனையில் செய்த ஒடியல், பனாட்டு, மூன்று கிலோ கருவாடு. இராமேஸ்வரத்தில் கருவாடு இல்லையா என்று கேட்டேன். "அது அவையின்ர கருவாடு" என்றா.

அங்கே சின்ன மாமியும் விடியவே மகனைக் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரம் இறங்குதுறைக்குப் புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. மீன் பொரித்துக் கொண்டுபோகிறாவாம்.

எட்டு மணிக்குத் தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். இறங்குதுறை இருந்தது. கடல் இருந்தது. இரண்டு கழுதைகள் நின்றன. காவலுக்கு நின்ற கடற்படைச் சிப்பாய் எங்கள் பதினாறு பேரையும் பயணப் பைகளையும் மெதுவாகப் பார்த்தான்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

"இந்தியாவட்ட" என்றேன், கந்தோரில் பழகிய சிங்களத்தில், கொஞ்சம் மிடுக்காக.

அவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மாமிக்குப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான். இதைவிட நாகரிகமாக எனக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. அன்று அது எனக்கு விளங்கவில்லை. பயணிகளை நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று ஜெனிற்றாவிடம் சொன்னேன்.

ஒன்பது மணியானது. முதல் நாள் என்றால் சுணங்கும்தானே என்றேன். பத்து மணியானது. கடல் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்றேன். (குளத்தைப் போலக் கிடந்தது.) என் போனுக்கு, இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அக்கரைக் கோபுரத்தின் அலைவரிசை அங்கே அடிக்கடி பிடிக்கும். அதைக் கப்பல் வருவதற்கான அத்தாட்சியாக எல்லோருக்கும் காட்டினேன். மாமி கதிரையில் நிமிர்ந்திருந்து மேற்கே பார்த்துக்கொண்டேயிருந்தா. சேலைத் தலைப்பைக்கூட இழுத்துவிடவில்லை.

பதினொரு மணிக்குச் சின்ன மாமி அக்காவுக்குப் போன் எடுத்தா.

"அக்கா, இங்க கப்பல் ஒண்டையும் காணேல்ல. ஏறிட்டியோ?"

"இன்னும் இல்லையடி. வரும். மருமோன் சொன்னவர்."

"பொரியல் ஆறுது."

"மூடி வை."

அந்த "மருமோன் சொன்னவர்" என் நெஞ்சில் குத்திய குத்து எனக்குத்தான் தெரியும். ஜெனிற்றா என் கையிலிருந்த போனை வாங்கி அந்தத் திரியைத் திறந்தாள். கன நேரம் வாசித்தாள்.

"திகதி பாத்தனீங்களோ?"

"பாத்தனான். பதினைஞ்சு, வெள்ளிக்கிழமை."

"பக்கத்தில சாம்பல் நிறத்தில வருசம் ஒண்டு கிடக்கு. அதைப் பாத்தனீங்களோ?"

பார்த்தேன். பதினொரு வருசத்துக்கு முந்திய வருசம். அந்த வருசமும் அந்த மாதம் பதினைந்து வெள்ளிக்கிழமையில்தான் வந்திருக்கிறது. கலண்டர் இப்படித் திரும்பி வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அதற்குக் கீழே கடலோடியின் வரி, அதற்கும் கீழே பூட்டுக்காரர்களை ஒதுங்கி நிற்கச் சொன்ன என் வரி.

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் நான் பயந்தது மாமிக்குத்தான். அவவுக்கு முன்னால் குந்தி, "மாமி, பிழை நடந்துபோச்சு. இது பழைய செய்தி. இண்டைக்குக் கப்பல் இல்லை" என்றேன்.

மாமி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடலின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வைத்தவன் நான். கதிரையிலிருந்து எழும்பிக் கேட்டா:

"பிளேன் எங்க ஏறுறது?"

"அம்மா, நீங்கள் பிளேனில ஏறமாட்டன் எண்டனீங்கள்" என்றாள் ஜெனிற்றா.

"ஒழுங்கையே வந்து வழியனுப்பினாப் பிறகு நான் எந்த முகத்தோட திரும்பி வாறது? அவள் மீன் பொரிச்சு வைச்சிருக்கிறாள். என்னைப் போற வழியில பேசாலையில இறக்கிவிடுங்கோ. பிளேன் வாற நாள் வரையும் பெரியண்ணை வீட்டில இருக்கிறன்."

பேசாலையில் தன் அண்ணன் வீட்டில் மாமி ஐந்து நாள் ஒளிந்திருந்தா. ஒருவரிடமும் சொல்லமாட்டோம் என்று பதினான்கு பேரும் வானுக்குள் சத்தியம் பண்ணினார்கள். அன்றே பின்னேரம் நான்கு மணிக்கு நான் மீன் சந்தைக்குப் போனபோது, "என்ன தம்பி, கப்பல் சுகமாப் போய்ச் சேர்ந்துதோ?" என்று பாரை மீன் விற்கிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

ஆறாம் நாள் மாமி பலாலி விமான நிலையத்தில் விமானம் ஏறினா. ஏறின நேரத்திலிருந்து இறங்கும் வரை செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாவாம். பக்கத்தில் இருந்த சைவ சமயக்காரரும் கடைசியில் சேர்ந்து சொன்னாராம். முகாமில் சின்ன மாமி அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, சன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போய், கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "கிழவியாப் போனாய்" என்றாவாம். ஒரு மாதம் இருந்து, முழு நாளும் சண்டை பிடித்துவிட்டு மாமி திரும்பி வந்தா. நான் செய்த மடத்தனம் இல்லாவிட்டால் அவ அந்த விமானத்தில் ஏறியிருக்கவே மாட்டா என்று நான் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் செய்தி சொன்னாலும் ஒரே கேள்விதான்: "வருசத்தைப் பாத்தனீங்களோ?" கலியாண அழைப்பிதழ் வந்தால் கேட்பார்கள். கரண்ட் வெட்டு என்றால் கேட்பார்கள். போன மாதம் பூசை முடிவில் சுவாமி திருவிழாத் திகதியை அறிவித்தபோது, முன்வரிசை வாங்கிலிருந்து மாமி தன் பாட்டில், "எந்த வருசம்?" என்றா. கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது.

களத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். தோண்டி எடுக்கப்படும் பழைய திரிகளை உடனே பூட்டவேண்டும் என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கடலோடி பெருந்தன்மையாக, "கப்பல் திரியிலிருந்து தொடங்குவோம்" என்றார். இதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோசப்படுவா என்று நினைத்தேன்.

"பூட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் சொல்லுறதையும் அதில எழுதுங்கோ" என்றா.

அவ சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தத் திரி இன்றும் திறந்துதான் கிடக்கிறது. அதில் கடைசியாக இருப்பது மாமி சொன்னதுதான்:

"கப்பல் விட்டால் இதில் சொல்லுங்கோ. நான் போய்ப் பார்த்துவிட்டேன். இனி அவள் வரவேணும்."