சிட்டிகையின் பதினொரு மணிக் காப்பி

மார்ச் 12, செவ்வாய். ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். குளியல், நான்கு இட்லி, எட்டு இருபது டவுன் பஸ். ஒன்பதுக்கு மசாலாக் கம்பெனியின் கிடங்கைத் திறந்தேன். பதினொன்றுக்குக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அது சிட்டிகை வரும் நேரம்.

இன்ஸ்டன்ட் காப்பியை அப்படியே குடிப்பவர்களை மனிதர்களோடு சேர்க்காதவர் சிட்டிகை. காரைக்குடியில் எங்கள் கம்பெனிக்கு பில் எழுதுபவர். பதினொரு மணிக்கு எல்லோருக்கும் காப்பி கலந்து தருபவரும் அவர்தான்; ஒவ்வொரு தம்ளரிலும் எதையாவது ஒரு சிட்டிகை தூவுவார். பெயரும் அதனால் வந்ததுதான்.

"உப்பு போட்டா கசப்பு வாயை மூடிக்கிரும். பட்டை போட்டா சீனி பாதி போதும். ஏலக்காய் இருக்கே, காப்பி வாசத்தையே முழுங்கிரும்!"

ஒருமுறை கறிமசாலாவுக்குப் போடும் கல்பாசியைப் போட்டார். காப்பி கறிக்குழம்பாக மணந்தது. மூட்டை ஏற்ற வந்த டிரைவர் சோறு கேட்டார்.

கொடுத்துவிட்டுச் சும்மாவும் போகமாட்டார். "மோந்து பாத்து, என்ன போட்ருக்கேன்னு சொல்லிட்டுக் குடிங்க!"

அங்கேதான் எனக்குக் கண்டம். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, பத்தொன்பது நாட்களாக என் மூக்குக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. என் வேலையோ, வரும் மூட்டைகளை முகர்ந்து நல்லது கெட்டது சொல்வது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. வியாபாரியின் முகத்தைப் பார்த்தே சரக்கை முடிவுசெய்தேன். காப்பிக்கு, சிட்டிகையின் அஞ்சறைப்பெட்டியில் எந்தக் கிண்ணம் குறைந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துப் பதில் சொன்னேன்.

அன்று பெட்டி மூடியிருந்தது. ஒரு வாய் குடித்தேன். தொண்டை எரியவில்லை, சுக்கு இல்லை. கசப்பு குறையவில்லை, உப்பு இல்லை. இனிப்பு ஏறவில்லை, பட்டை இல்லை.

"ஏலக்காய்" என்றேன்.

"ஏலக்காயா? அண்ணே, எல்லாரையும் ஏமாத்திப் பாக்கலாம்னு இன்னைக்குப் பெட்டியைத் தொறக்கவே இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிட்டிகை மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலம் கிடங்குக்கு வந்து, பெருங்காயக் கட்டியை என் மூக்கடியில் நீட்டினார். நான் முகம் சுளிக்கவில்லை.

"எத்தன நாளா மறைச்சு வச்சிருக்கீக?"

"பத்தொன்பது. வந்துரும்ங்கிறார் டாக்டர், எப்பன்னு சொல்லமாட்டேங்கிறார். மொதலாளிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் போட்ருவாக."

"இன்னைக்குக் காலையில என்ன சரக்கு வந்துச்சு?"

"மல்லி. நாலு மூட்டை."

முதலாளி அறைப் பக்கம் நடந்தார். சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் எனக்கு முன்பே நின்றிருந்தார். கதவைத் திறந்ததும், முதல் வேலையாக நான்கு மூட்டைகளிலும் முகத்தைப் புதைத்தார். ஏழு முறை தும்மினார். பிறகு, மூக்கு நுனியில் மல்லித் தூசியோடு என் காதருகே குனிந்தார்.

"மூணாவது மட்டும் பூசணவாடை. திருப்பி அனுப்பிருங்க. நேத்து மொதலாளிட்ட பில் கட்டைக் கொடுக்கத்தான் போனேன், வேற எதையும் சொல்லல. ஒங்க மூக்கு வர்றவரைக்கும் இந்த மூக்கை வச்சுக்கங்கண்ணே."