ஹெஷ்மத் ஆகாவின் ஒரே காட்சி

மகனுக்குப் பெண் கேட்க வந்த பத்ரி கானும் என்ற அம்மாள், வாசலில் கழற்றிய செருப்பைத் துணிப்பையில் போட்டு, அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு தேநீர் குடித்தார்.

"பையை இப்படி ஓரமா வைங்களேன்" என்றார் ஹெஷ்மத்.

"இருக்கட்டும் ஆகா. பாரமா என்ன?" என்று மரியாதையாக 'ஆகா' போட்டுச் சொன்னார் அந்த அம்மாள்.

ரொட்டிக் கடைக்கார ஹெஷ்மத் இனிப்புத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மகள் நஸ்தரன் இந்த அம்மாளின் பையன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. அவர் ஊரான யஸ்த் நகரத்துக்குப் படமெடுக்க வந்தவர்கள், "உங்க முகத்துல ஒரு களை இருக்கு ஆகா" என்று ஐஸ் வைத்து, பள்ளிவாசலில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுகிற ஆளாக அவரை நடிக்கவைத்தார்கள். மண்சுவர்களில் மாலை வெயில் தேனாக வழிந்தது. கனவில் நடப்பதுபோல் மிதந்து மிதந்து நடந்தார். அப்படி ஒரு சுகத்தை அவர் அதுவரை அனுபவித்ததில்லை.

தெருவில் சுவரொட்டி ஒட்டிய அன்று சுகம் கலைந்தது. ஊரே பார்க்கப்போகிறதே. நாமே முந்திக்கொள்வோம் என்று, ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"நான் செருப்பு திருடினது படத்துலதான். நிஜத்துல தொடக்கூட மாட்டேன்."

"உங்களைப் போய் அப்படி நினைப்போமா ஆகா?"

தெருவே திரண்டு போய்ப் படம் பார்த்தது. அவருக்கு மட்டும் தன் முகத்தைத் திரையில் பார்க்கக் கூச்சம். அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொழப் போனார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்டால் சண்டை போட்டாவது தீர்க்கலாம். கேட்டால்தானே. மரியாதையாலேயே ஆளை உயிரோடு புதைக்கிற ஊர் அது.

பள்ளிவாசலுக்கு ஒரு மூட்டை புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்.

"இவருக்கு இத்தனை செருப்பு ஏது?" என்று முணுமுணுத்தார்கள்.

வெறுங்காலோடு தொழப் போனார்.

"போகும்போது வெறுங்கால். திரும்பி வரும்போது பாரு" என்றார் கசாப்புக்காரர்.

"வாயையும் காலையும் கொஞ்சம் சும்மா வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி எஃபத்.

கண்ணை மூடினால், ஊர்ச் செருப்பெல்லாம் வீட்டுக் கூரைகளின் காற்றுக் கோபுரங்களுக்கு மேலே புறாக்களாய் வட்டமடித்து, அவர் காலடியில் வந்து இறங்கின. ஒவ்வொரு ஜோடியும் அவர் அளவுக்குச் சரியாக இருந்தது. பயந்துபோய் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

பத்ரி கானும் தேநீரை முடித்தார். "பொண்ணு தங்கம். குடும்பமும் நல்ல குடும்பம். ஆனா இப்ப என்ன அவசரம், அப்புறமா பேசிக்கலாமே."

நஸ்தரன் தேநீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹெஷ்மத் எழுந்தார். அப்படி என்னதான் கேவலமாக நடித்துத் தொலைத்தோம், பார்த்துவிடுவோம் என்று, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு படக் கொட்டகைக்குப் போனார்.

இருட்டில் அவருடைய தெருவே வெளிச்சமாக மிதந்து வந்தது. அவர் கடையின் புகைகூட அழகாக இருந்தது. பள்ளிவாசல் வந்தது, படிக்கட்டு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கதாநாயகன் அழுதான், மழை பெய்தது, விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

படம் பார்த்தவர்கள் கொறித்துத் துப்பிய விதைத்தோல்களைப் பெருக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்தச் செருப்புத் திருடன் வர்ற காட்சி எங்கே?"

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க ஆகா. அப்படி ஒரு ஆளே இந்தப் படத்துல கிடையாது. யாரோ ஒரு ரொட்டிக் கடைக்காரர்தான், தான் செருப்பு திருடினது படத்துலதான்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறாராம்."