எங்கள் பூங்காவின் நாற்பது அம்புக்குறிகள்

லேப்டாப்பைத் தட்டிப் பிழைப்பவன் கையில் ஈர சிமெண்டைக் கொடுக்கவே கூடாது. கம்ப்யூட்டரில் தப்புச் செய்தால் அழித்துவிடலாம். சிமெண்டில் செய்த தப்பு என் பேரன் காலம் வரைக்கும் இருக்கும்.

பெங்களூரில், வைட்ஃபீல்டையும் தாண்டி இருக்கும் எங்கள் லேஅவுட்டில் ஒரு காலி மனை குப்பைமேடாகக் கிடந்தது. நடுவில் பெரிய அரசமரம், அதன் அடியில் நாகர் கற்கள். குடியிருப்போர் சங்கம் அதைப் பூங்காவாக்கத் தீர்மானித்ததும், நடைபாதை என் பொறுப்பு என்றேன். (யாரும் கேக்கல. நானாத்தான் கையைத் தூக்கினேன்.)

காரணம் என் மாமனார். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது எங்களோடு இருக்கிறார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் செய்த எதையும் அவர் மெச்சியதில்லை. நான் ஆணி அடித்தால் சுவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் அவர் வாயால் ‘சபாஷ்’ வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

அரசமரத்தைச் சுற்றி வட்டமாகப் பாதை. எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தால் இடித்துக்கொள்ள மாட்டார்கள் அல்லவா? வெல்டிங் கடையில் இரும்பில் ஓர் அம்புக்குறி அச்சு செய்து வாங்கி, சிமெண்ட் காய்வதற்குள் பத்தடிக்கு ஒன்றாகப் பதிக்கச் சொன்னேன்.

மேஸ்திரி முருகேசன் திருவண்ணாமலைக்காரர். அச்சைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“சார், அம்பு இந்தப் பக்கமா? எங்க ஊர்ல மலையைச் சுத்துறதே அந்தப் பக்கமாத்தான்...”

“முருகேசன், ஓட்டப்பந்தயம் பாத்திருக்கீங்களா? உலகம் பூரா இந்தப் பக்கமாத்தான் ஓடுறாங்க. நீங்க அமுக்குங்க.”

பாவம் மனுஷன், அமுக்கிவிட்டார். நாற்பது அம்பு.

திறப்பு விழாவுக்கு லேஅவுட்டே வந்திருந்தது. சங்கத் தலைவி ரேணுகாம்மா ஒரு குண்டான் நிறைய கோசம்பரி, அதாவது ஊறவைத்த பருப்பு சாலட், செய்து கொண்டுவந்திருந்தார். முதல் சுற்று நடக்க என் மாமனாரை அழைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார், காலடியில் இருந்த அம்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“மாப்ளே, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாமியை வலமாகத்தான் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில். நாகர் கற்களை நடுவில் வைத்துக்கொண்டு, ஊரையே நான் இடமாகச் சுற்றச் சொல்லியிருக்கிறேன்!

“அய்யோ தேவரே! ஏனப்பா, யாரு செத்துட்டாங்கன்னு எங்களை இப்படிச் சுத்தச் சொல்றே?” என்று ரேணுகாம்மா கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு குண்டானை இடுப்பில் வைத்தபடி அம்புக்கு எதிராக நடக்க ஆரம்பித்தார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போனது. என் மனைவியும்தான்.

நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ரோஷம் விடவில்லை. “இது வெறும் வாக்கிங் பாதைங்க, கோயில் பிராகாரம் இல்ல!” என்று சொல்லிக்கொண்டே, அம்பு காட்டிய வழியில் தன்னந்தனியாக விறுவிறுவென்று நடந்தேன். மரத்துக்கு அந்தப் பக்கம் வளைவில் திரும்பினேன். எதிரே ரேணுகாம்மா. மோதிய வேகத்தில் குண்டான் கவிழ்ந்து, பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் என் தலையில் அபிஷேகம் ஆனது. காதுக்குள் போன கடுகை எடுக்க இரண்டு நாள் ஆனது. (மிகை இல்லைங்க, ஒரு நாள்தான் கம்மி.)

அம்புகளை எடுக்க முடியுமா என்று முருகேசனைக் கேட்டேன். “பாதையையே உடைக்கணும் சார்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இன்று பூங்கா வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை நிற்கிறது: ‘தயவுசெய்து அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் நடக்கவும்.’

வீட்டில் நான் எந்த யோசனை சொன்னாலும், ஹோட்டலில் என்ன சாப்பிடலாம் என்றால்கூட, “அம்பு போட்டுட்டாரு, எதிர்ப்பக்கம் வாங்க” என்கிறாள் மனைவி. மாமனார் மட்டும் ஒரு நாளும் நடையை விட்டதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி குடித்த கையோடு பூங்காவுக்குக் கூட்டிப்போய்விடுகிறார். போன மாதம் சென்னையிலிருந்து வந்த அவருடைய சிநேகிதரிடம் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்:

“எங்க மாப்ளே வேலைதான். நாப்பது அம்பு! ஒண்ணாவது தப்பித்தவறி சரியா விழுந்திருக்கணுமே? ம்ஹூம். அதுக்கெல்லாம் ஒரு தனித் திறமை வேணும்யா.”